தெற்கே பார்த்து உட்கார்ந்த மந்திரி

சீன தேசத்து மலைகளுக்கு நடுவே யுன்லிங் என்றொரு சின்ன ராஜ்யம். வெகு காலத்துக்கு முன்னால் அதை ஒரு ராஜா ஆண்டுவந்தான். காலையில் ஒருவனுக்கு மாலை போடுவான், மத்தியானம் அதே கழுத்தை வெட்டச் சொல்வான். அப்படிப்பட்ட புத்தி.

அந்த நாட்டில் ஒரு வழக்கம். ராஜா மட்டும்தான் தெற்கே பார்த்து உட்காரலாம். மற்றவர்கள் எதிரில் வடக்கே பார்த்து நின்று குனிந்து வணங்க வேண்டும். வேறு எவனாவது தெற்கே பார்த்து நாற்காலி போட்டால், ராஜ்யத்துக்கு ஆசைப்பட்டான் என்று அர்த்தம். தலை போய்விடும்.

மந்திரியின் பெயர் பாங்சூ. சபையில் அவர் வாயைத் திறந்தால் ராஜா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பான். வீட்டுக்குப் போனாலோ அவரோடு பேச ஆள் கிடையாது. மனைவி செத்துப்போனாள். ஒரே மகள் சியூயினைத் தெற்குக் கடற்கரையில் ஒரு மாலுமிக்குக் கட்டிக்கொடுத்திருந்தார். போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று எத்தனையோ தடவை கேட்டார்.

"நீர் போய்விட்டால் என்னைச் சிரிக்கவைக்க யார் இருக்கிறார்கள்?" என்று ராஜா விடவில்லை.

சாயங்காலமானால் தனக்கு மட்டும் தேநீர் போட்டுக்கொண்டு, வாசலில் நாற்காலியை இழுத்துப்போட்டு, மகள் இருக்கும் திசையையே பார்த்துக்கொண்டிருப்பார். தேநீர் ஆறிப்போகும்.

சபையில் கோவ்தாங் என்று ஒரு பிரபு. அவன் சொன்ன நகைச்சுவைக்கு அவன் வேலைக்காரன்கூடச் சிரித்ததில்லை. சிலருக்கு அடுத்தவன் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தாலே கால் வலிக்கும். அந்த ஜாதி. ஒருநாள் சாயங்காலம் மந்திரி வீட்டு வாசலில் வந்து நின்றான்.

"சும்மா பார்த்துவிட்டுப் போகலாமென்று வந்தேன்."

தன் வாசலைத் தேடி ஒரு ஆள் வந்ததில் பாங்சூவுக்கு அவ்வளவு சந்தோஷம். இன்னொரு கிண்ணம் எடுத்துவர உள்ளே ஓடினார். திரும்பி வந்தால் வாசல் காலி.

மறுநாள் சபையில் கோவ்தாங் கூவினான்: "மகாராஜா! உங்கள் மந்திரி தெற்கே பார்த்து உட்காருகிறார்!"

"நிஜமா பாங்சூ?"

"நிஜம்தான் மகாராஜா."

ராஜாவின் முகம் சிவந்தது. "எடு இவர் தலையை! பொறு, பொறு. கடைசியாக ஏதாவது வேடிக்கையாகச் சொல்லிவிட்டுப் போம்."

"வேடிக்கை எதுவும் தோன்றவில்லை. பிரபுவிடம் ஒரு சந்தேகம் மட்டும் கேட்கிறேன். ஐயா, நீர் பார்த்தது என் முதுகையா, முகத்தையா?"

"முகத்தைத்தான்! நேருக்கு நேர். கண் கலங்கியிருந்ததைக்கூடப் பார்த்தேன்."

"உட்கார்ந்து பார்த்தீரா?"

"நீர் எங்கே நாற்காலி போட்டீர்? நின்றுகொண்டுதான்."

"வணக்கம் சொன்னீரா?"

"நான் என்ன மரியாதை தெரியாதவனா? நன்றாகக் குனிந்தே வணங்கினேன்."

பாங்சூ ராஜாவின் பக்கம் திரும்பினார். "தெற்கே பார்த்து உட்கார்ந்தவனுக்கு எதிரே, வடக்கே பார்த்து நின்று, குனிந்து வணங்கியிருக்கிறார். நான் போட்டது வெறும் நாற்காலி, மகாராஜா. அதைச் சிம்மாசனம் ஆக்கியவர் இவர்."

சபை கொல்லென்று சிரித்தது. ராஜாவும் சிரித்தான். சட்டென்று நிறுத்தினான்.

"அவன் கிடக்கட்டும். நீர் ஏன் அப்படி உட்கார்ந்தீர்?"

பாங்சூ ஒரு கிண்ணம் தண்ணீர் கேட்டார். மருமகன் கொடுத்தனுப்பிய ஊசியை மடியிலிருந்து எடுத்தார். காந்தக்கல்லில் தேய்த்த ஊசி அது, மாலுமிகள் வழி பார்ப்பது. நாணல் துண்டில் செருகி மிதக்கவிட்டதும் அதன் கூர்முனை மெல்லத் திரும்பித் தெற்கே பார்த்து நின்றது. ராஜா விரலால் தள்ளினான். மறுபடியும் தெற்கே திரும்பியது. இன்னும் வேகமாகத் தள்ளினான். சுற்றிவிட்டு அங்கேயே வந்து நின்றது.

"என்ன திமிர் இதற்கு!"

"திமிர் இல்லை, ராஜ்ய ஆசையும் இல்லை. ஒரு கல்லோடு கொஞ்ச நேரம் உரசியிருக்கிறது, அவ்வளவுதான். நான் ஒரு பெண்ணைப் பெற்று வளர்த்தேன், மகாராஜா."

ராஜா மறுபடியும் தள்ள நீட்டிய விரலை மடக்கிக்கொண்டான். பிறகு, "பல்லக்குக்குச் சொல்லியனுப்புங்கள். மந்திரி தெற்கே போகிறார்" என்றான். கோவ்தாங்கைப் பார்த்து, "உனக்கு அந்த நாற்காலி ரொம்பப் பிடித்துவிட்டது போலிருக்கிறது. தினமும் சாயங்காலம் போய் அதற்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு வா" என்றான்.

பாங்சூ அன்றே கிளம்பிவிட்டார். காலி நாற்காலிக்கு முன்னால் கோவ்தாங் குனிவதைத் தெருப்பிள்ளைகள் கூட்டமாக வந்து வேடிக்கை பார்த்தார்கள். கொஞ்ச நாளில் அவர்களுக்கும் சலித்துவிட்டது.

சபையில் சிரிப்பு நின்றுபோனது. ஒரு சாயங்காலம் ராஜா தனியாக நடந்து வந்தான். மந்திரியின் நாற்காலியில் உட்கார்ந்து தெற்கே பார்த்தான். மலைதான் தெரிந்தது. அன்றைய கும்பிடுக்கு வந்து எதிரே நின்ற கோவ்தாங்கிடம் கேட்டான்:

"வருவாரா?"

"தெரியவில்லை, மகாராஜா" என்று கும்பிட்டுவிட்டு நகரப் பார்த்தான் கோவ்தாங்.

"போகாதே. கொஞ்ச நேரம் இரு. ஏதாவது பேசு."

கோவ்தாங் நின்றான். கோள் சொல்ல அங்கே ஆளில்லை. அவனுக்கு வேறு ஒன்றும் பேச வரவில்லை.