புராஜெக்டில் நான் செய்த வேலை

எங்கள் நால்வர் மோட்டார் புராஜெக்டில் நான்தான் தண்டம். நான் தொட்ட ஒயரெல்லாம் புகைந்தது. வைவா தேர்வு அன்று துறைத்தலைவர் சரியாக என்னைப் பிடித்துக்கொண்டார்.

"நீ செஞ்ச வேலையைக் காட்டு. இல்லேன்னா நாலு பேரும் ஃபெயில்!"

"சார், ஜெரின், பர்வீன், தங்கபாண்டி மூணு பேருக்கும் நடுவுல பேச்சே கிடையாது. ஒருத்தர் சொன்னதை, திட்டை மட்டும் வெட்டிட்டு, அடுத்தவர்கிட்ட சொன்னேன்."

"இதெல்லாம் ஒரு வேலையா?"

"அப்போ நான் வெளியே நிக்கிறேன் சார். நீங்களே அவங்களை மோட்டாரை ஓட்டச் சொல்லுங்க."

வெளியே வந்தேன். உள்ளே ஒரே கூச்சல். அதில் துறைத்தலைவர் குரல்தான் உச்சம். ஐந்தே நிமிடத்தில் சிவந்த முகத்தோடு கதவைத் திறந்தார்.

"அந்தத் தங்கபாண்டிகூட இனி நான் பேசமாட்டேன். நீயே வந்து சுவிட்சைப் போடச் சொல்லு!"

சொன்னேன். மோட்டார் ஓடியது. நால்வரும் பாஸ். அதிலும் ஆகக் குறைந்த மார்க் எனக்குத்தான்.