கொழுக்கட்டைக்குக் கிடைத்த ராஜப் பெயர்

கொன்றையூர் ராஜாவுக்கு வாய் நிறைய ஒரு பெயர் இருந்தது: ராஜகம்பீர விஜயமார்த்தாண்ட ரணதீர பூபதி. அந்தப் பெயருக்கென்று ஒரு சட்டமும் இருந்தது. ராஜாவின் பெயரை யார் எங்கே சொன்னாலும் சரி, காதில் விழுந்த மறுகணம் கட்டியக்காரன் காத்தான் முரசை அடித்து ‘பராக்’ சொல்ல வேண்டும். உட்கார்ந்திருப்பவர்கள் எல்லாரும் எழுந்து நிற்க வேண்டும். எதற்கடா இந்த வம்பு என்று ஊரில் ஒருத்தரும் அந்தப் பெயரை வாயில் எடுப்பதே இல்லை. ‘மகாராஜா’ என்பதோடு சரி. காத்தானும் முரசுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வெற்றிலை மென்று உடம்பை வளர்த்தான்.

அரண்மனை மதிலை ஒட்டித்தான் சபைப் புலவர் மாசிலாமணியின் வீடு. ரொம்ப வருஷம் கோயில் கோயிலாகச் சுற்றிய பிறகு அவருக்கு ஒரு பிள்ளை பிறந்தது. உருண்டை முகம், உருண்டைத் தொப்பை. பார்த்த உடனே அவர் மனைவி வடிவாம்பாள், “அடி ஆத்தி, கொழுக்கட்டை!” என்றாள். அன்றிலிருந்து அதுதான் பேச்சு. பெயர் வைக்கிற நாளில் வேறு பெயர் யாருக்கும் வாயில் வரவில்லை. பிள்ளையின் காதில் மூன்று தடவை ‘கொழுக்கட்டை’ என்று சொல்லித் தொட்டிலில் போட்டுவிட்டார்கள். முழுப் பெயரே அதுதான்.

மந்திரி திருமேனிநாதருக்கு மாசிலாமணியைக் கண்டாலே ஆகாது. சும்மா விடுவாரா? நேரே சபைக்கு ஓடினார்.

“மகாராஜா! செல்லப் பெயரைப் போய் ஒரு மனுஷன் முழுப் பெயராக வைப்பானா? நாளைக்கு அந்தப் பிள்ளை தளபதியானால், ‘தளபதி கொழுக்கட்டை வருகிறார்’ என்று சொல்வதா? எதிரி பயப்படுவானா, பசியெடுத்து வருவானா?”

ராஜா மீசையை முறுக்கினார். “புலவரே, என் சபைக்கு இது அவமானம். உம்ம பிள்ளைக்கு என் பெயரையே தருகிறேன். ஓரெழுத்துக்கூடக் குறையாமல் முழுசாகக் கூப்பிட வேண்டும். சம்மதமில்லை என்றால் பெட்டி படுக்கையோடு எல்லையைத் தாண்டிவிடும்!”

மாசிலாமணி வீட்டுக்கு வந்து விஷயத்தைச் சொன்னார். வடிவாம்பாள் பிள்ளையை மார்போடு அணைத்துக்கொண்டு ஓவென்று அழுதாள்.

“ஏங்க, கொழுக்கட்டைன்னு கூப்பிட்டாத்தானே இவன் திரும்பிப் பார்க்கிறான்! இத்தனை வருஷம் தவங்கிடந்து பெத்த பிள்ளையை வேத்துப் பேரால கூப்பிடவா? என்னால ஆகாதுங்க!”

“அழாதே வடிவு. உனக்கு நல்ல கணீர்க் குரல் ஆச்சே?”

“அதுக்கென்ன இப்போ?”

“ராஜா கொடுத்த பெயரை வாயாரச் சொல்லு. ஆசை தீரக் கூப்பிடு.”

மறுநாள் மத்தியானம். ராஜா வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டுக் கண் அசந்தார். மதிலுக்கு அந்தப் பக்கம் ஒரு குரல் கிளம்பியது.

“ராஜகம்பீர விஜயமார்த்தாண்ட ரணதீர பூபதி! பால் குடிக்க வாடா கண்ணு!”

டம் டம் டம்! “பராக்! பராக்!”

ராஜா கட்டிலிலிருந்து உருண்டு விழுந்தார். சேவகர்கள் எழுந்தார்கள். சமையல்காரன் கரண்டியோடு எழுந்தான். சரி, ஓய்ந்தது என்று ராஜா மறுபடி தலையணையில் தலை வைத்தார்.

“ஐயையோ! ராஜகம்பீர விஜயமார்த்தாண்ட ரணதீர பூபதி பாயை நனைச்சிட்டானே!”

டம் டம் டம்!

முரசுச் சத்தத்தில் பிள்ளை வீரிட்டது. பிள்ளை வீரிட்டால் தாய் சமாதானம் சொல்லாமல் இருப்பாளா? பெயர் சொல்லாமல் சமாதானம் உண்டா? மறுபடி முரசு, மறுபடி அழுகை! கடைத்தெருவில் உட்கார்ந்து எழுந்தே ஜனங்களுக்கு முட்டி கழன்றது. தராசைத் தூக்கிய செட்டியார் அதை இறக்க வழியில்லாமல் நின்றார். மந்திரி திருமேனிநாதரோ பல்லக்கில் ஏறி உட்காருவதும் எழுவதுமாக இருந்ததில் பல்லக்கின் அடிப்பலகையே விட்டுப்போயிற்று.

சாயங்காலம் ராஜா தலைப்பாகைகூட இல்லாமல் மாசிலாமணி வீட்டுக்கு ஓடி வந்தார். பின்னாலேயே முரசைச் சுமந்துகொண்டு காத்தான் தள்ளாடி வந்து வாசலில் நின்றான்.

“புலவரே, உமக்குப் புண்ணியமாகப் போகும்! அந்தப் பெயரை எடுத்துவிடும்!”

“ராஜா வைத்த பெயரை எடுக்க இந்த ஏழைப் புலவனுக்கு ஏது அதிகாரம், மகாராஜா? வைத்த வாய்தான் மாற்ற வேண்டும்.”

ராஜா தொட்டிலருகே குனிந்தார். பிள்ளையின் காதில் மெதுவாக, “கொழுக்கட்டை, கொழுக்கட்டை, கொழுக்கட்டை” என்றார். அழுதுகொண்டிருந்த பிள்ளை கப்பென்று நிறுத்தியது. தன் பெயர் வந்துவிட்டதே! பொக்கை வாயைத் திறந்து சிரித்து, ராஜாவின் மீசையைப் பிடித்து இழுத்தது. வடிவாம்பாளுக்குச் சந்தோஷத்தில் கண் நிறைந்துவிட்டது.

ராஜாவுக்கும் மனம் இளகிவிட்டது. முத்துமாலையைக் கழற்றித் தொட்டிலில் போட்டார்.

“புலவரே, ஒன்று சொல்கிறேன், வெளியே விடாதீர். என்னையும் இப்படிப் பிரியமாகக் கூப்பிட ஓர் ஆள் இருந்தாள், என் அம்மா. அவள் போன பிறகு அந்தப் பெயரை ஒருத்தரும் சொன்னதில்லை. எனக்கே மறந்துபோயிற்று என்று நினைத்திருந்தேன்.”

“என்ன பெயர், மகாராஜா?”

ராஜா இந்தப் பக்கம் பார்த்தார். அந்தப் பக்கம் பார்த்தார். புலவரின் காதருகே குனிந்து, வெட்கத்தோடு சொன்னார்.

“பணியாரம்.”

வாசலில் நின்ற காத்தானுக்குப் பாம்புச் செவி. ராஜாவின் பெயர் காதில் விழுந்துவிட்டதே! சட்டம் சட்டம்தானே?

டம் டம் டம்!

“ராஜாதி ராஜ, ராஜ குல திலக, பணியார மகாராஜா பராக்! பராக்!”

தெருவே எழுந்து நின்றது.