பச்சை இலையில் கறுப்புக் குஞ்சுகள்

காட்டுக்கு நடுவே ஒரு தாமரைக்குளம். அந்தக் குளத்தில் செங்கமலம் என்றொரு தாழைக்கோழி பள்ளிக்கூடம் நடத்தி வந்தாள். மாணவர்கள் எல்லாம் கன்னங்கரேலென்று பஞ்சு போல் இருக்கும் தாழைக்கோழிக் குஞ்சுகள்.

அந்தப் பள்ளியில் பரீட்சை வைப்பது டீச்சர் இல்லை, பருந்து! மேலே வட்டமிடும், சட்டென்று இறங்கும். பாஸானவன் பிழைப்பான்.

போன மழைக்காலத்தில் ஒரு குஞ்சு பாஸாகவில்லை. அதன் பிறகு செங்கமலத்துக்குச் சோறு இறங்கவில்லை. "இனி என் வகுப்பில் ஒருத்தனையும் பறிகொடுக்க மாட்டேன்!" என்று சபதம் போட்டாள்.

ஆனால் அவளுக்குத் தெரிந்த பாடம் ஒன்றுதான்: "ஓடு!" மற்ற குஞ்சுகள் ஓடிவிடும். பொடிசு என்று ஒருத்தன் இருந்தான். பிறவியிலேயே ஒரு கால் சூம்பல். அவனால் ஓட முடியாது. அவனுக்கு என்ன சொல்லிக்கொடுப்பது?

காட்டில் அப்போது செல்போன் வந்திருந்தது. கோழிக்கு எதற்குப் போன் என்று கேட்காதீர்கள். உங்களுக்கு எதற்கோ அதற்குத்தான்! அதில் 'படக்கூடு' என்றொரு இடம். பல காட்டு வாத்தியார்களும் தங்கள் வகுப்பைப் படம் பிடித்து அதில் போடுவார்கள். தூக்கணாங்குருவி முடிச்சுப் போடச் சொல்லித்தருவாள். எறும்பு சார் வரிசையில் நிற்கப் பழக்குவார். பள்ளி விடும் மணி அடித்தால் போதும், செங்கமலம் படக்கூட்டுக்குள் போய்விடுவாள்.

ஒருநாள் அவள் கண்ணில் ஒரு படம் பட்டது. வெறும் சருகு. கீழே எழுதியிருந்தது: "இதில் என் மாணவர்கள் இருக்கிறார்கள், கண்டுபிடியுங்கள்! பாடம்: அசையாதே!" போட்டவர் மலையடிவாரத்துப் பக்கிக்குருவி வாத்தியார். உற்றுப் பார்த்தால், அட! சருகோடு சருகாகக் குஞ்சுகள்! லைக் மழையாகக் கொட்டியிருந்தது.

"கிடைச்சிடுச்சு!" என்று துள்ளினாள் செங்கமலம். "பொடிசு ஓடவே வேண்டாம். அசையாம இருந்தா போதும்!"

மறுநாள் வகுப்பில் எல்லாக் குஞ்சுகளையும் தாமரை இலைகள் மேல் உட்கார வைத்தாள். படத்தில் சருகு இருந்ததே என்று நாலைந்து சருகையும் பொறுக்கிவந்து பக்கத்தில் தூவினாள். "டேய், யாரும் மூச்சு விடக்கூடாது!" என்று படம் எடுத்துப் போட்டாள். அவளுக்கும் லைக் வந்தது.

பக்கத்து வகுப்புத் தவளை வாத்தியார் எட்டிப் பார்த்தார். "டீச்சர், ஒவ்வொருத்தனும் இங்கேருந்தே பளிச்சுன்னு தெரியறானே!"

"நீங்க குறை சொல்லவே பிறந்தவர், சார்!" என்றாள் அவள்.

அப்போதுதான் அவர்கள் மேல் ஒரு நிழல் விழுந்தது. பருந்து!

"அசையாதே!" என்று கத்தினாள் செங்கமலம். பாவம், பிள்ளைகள்! டீச்சர் சொன்னதைத் தட்டவில்லை. ஓடத் தெரிந்த குஞ்சுகள்கூட ஓடவில்லை. பச்சை இலையில் கறுப்புக் குஞ்சுகள், பந்தியில் பரிமாறிய கத்தரிக்காய் மாதிரி உட்கார்ந்திருந்தன.

"அடடா! இலை போட்டே வச்சிருக்காங்களே!" என்று பருந்து சிரித்துக்கொண்டே பொடிசை நோக்கி இறங்கியது.

செங்கமலத்துக்கு அந்த நொடியில்தான் உறைத்தது. பாய்ந்து பொடிசின் மேல் விழுந்தாள். பருந்தின் பிடியில் அகப்பட்டது அவள் வால் இறகுதான். குஞ்சு தப்பியது. நகம் கீறி அவள் முதுகில் ரத்தம் வழிந்தது.

பொடிசின் அம்மா அஞ்சலை தலைதெறிக்க ஓடிவந்தாள். "என் பிள்ளை படிக்க வந்தானா, உங்க படத்துக்கு உட்கார வந்தானா? நாளையிலேருந்து அவன் வரமாட்டான்!" என்று மகனை இழுத்துக்கொண்டு போனாள். செங்கமலத்தை வெட்கம் பிடுங்கித் தின்றது.

"அந்தப் போனைக் குளத்தில் தூக்கிப் போடுங்க டீச்சர்!" என்றார் தவளை.

"மாட்டேன்!" என்றாள் அவள். "பக்கி வாத்தியாரோட பிள்ளைங்க பிழைச்சிருக்காங்க. என் பிள்ளைங்க ஏன் மாட்டினாங்க? அது தெரியாம விடமாட்டேன்!"

அங்கேயே உட்கார்ந்து பக்கிக்குச் செய்தி அனுப்பினாள். நடந்ததை ஒளிக்காமல் எழுதினாள். பதில் உடனே வந்தது.

"டீச்சர், உங்க குஞ்சு என்ன நிறம்?"

"கறுப்பு."

"எங்கே உட்கார வச்சீங்க?"

"தாமரை இலையில. பச்சை இலை."

"ஐயையோ! நான் முதல்ல நடத்தினது 'உன் நிறத்துக்கு ஏத்த இடத்தைத் தேடு'ங்கிற பாடம். அதுக்கே ஒரு பருவம் ஆச்சு. அசையாதேங்கிறது கடைசிப் பாடம். படத்துல அது மட்டும்தானே வரும்! இத்தனை பேர் லைக் போட்டாங்க, எப்படின்னு கேட்டது நீங்க ஒருத்திதான்."

செங்கமலம் முதுகு வலியோடு எழுந்தாள். கறுப்புக்கு ஏற்ற இடம் எது? சேற்றில் படுத்துப் பார்த்தாள், கால் புதைந்தது. தாமரை இலைக்கு அடியில் புகுந்தாள், மூச்சு முட்டியது. கடைசியில் கோரைப்புல் அடர்ந்த ஓரத்துக்குப் போனாள். அங்கே தண்ணீர் கறுப்பாக இருந்தது. ஆனால் முங்கினால் எவ்வளவு நேரம் தாங்கும்?

"முழுசா ஏன் முங்கறீங்க? மூக்கு நுனியை மட்டும் மேலே விடுங்க!" என்றார் தவளை. "நான் பிறந்ததிலேருந்து அதைத்தானே பண்றேன்!"

"பக்கத்திலேயே இருந்துக்கிட்டு இதை ஏன் சார் சொல்லல?"

"நீங்க எங்கே கேட்டீங்க? தலையைப் போனை விட்டு எடுத்தாத்தானே!"

அவள் சிரித்துவிட்டாள். சிரித்தால் முதுகு வலித்தது.

அஞ்சலை வீட்டு வாசலில் போய் நின்றாள். "தப்பு என்னோடதுதான், அஞ்சலை. இப்போ பிள்ளையை அனுப்புன்னு கேட்கல. நான் ஒளிஞ்சுக்கறேன், நீ மேலே பறந்து தேடு. என்னைக் கண்டுபிடிச்சிட்டா நான் இந்த வேலையையே விட்டுடறேன்."

அஞ்சலை முறைத்துக்கொண்டே கிளம்பினாள். குளத்தைச் சுற்றிச் சுற்றி வந்தாள். கோரைக்கு மேலேயே இரண்டு தரம் போனாள். றெக்கை ஓய்ந்ததுதான் மிச்சம். "எங்கேதான் இருக்கீங்க டீச்சர்?" என்று அலுத்துக்கொண்டு அவள் கோரையோரம் இறங்கியதும் காலடியிலிருந்து செங்கமலம் எழுந்தாள்.

மறுநாள் பொடிசு பள்ளிக்கு வந்தான்.

இந்த முறை அவள் அவசரப்படவில்லை. முதலில் இடம் தேடப் பழக்கினாள், அப்புறம் முங்க, அதற்கப்புறம்தான் அசையாமல் இருக்க. பொடிசு தண்ணீரைக் குடித்தான், இருமினான், அழுதான். "இன்னொரு தடவை!" என்பாள் அவள். விடவே இல்லை.

ஒரு மதியம் பருந்து மறுபடி வந்தது. குஞ்சுகள் கோரைக்குள் நழுவின. கரையோரக் கறுப்புத் தண்ணீரில் நின்ற பொடிசு, ஓட வேண்டிய அவசியமே இல்லாமல், இருந்த இடத்திலேயே முங்கினான். பருந்து தாழப் பறந்து தாழப் பறந்து பார்த்தது. "எங்கே போச்சு என் பந்தி?" என்று கத்தியது. பசியோடு திரும்பிப் போனது. அஞ்சலை கரையில் நின்று ஓவென்று அழுதாள், சந்தோஷத்தில்.

அன்று செங்கமலம் படக்கூட்டில் ஒரு படம் போட்டாள். கொஞ்சம் கோரை, கொஞ்சம் தண்ணீர், வேறொன்றும் இல்லை. "என் வகுப்பு. யாரும் இதை அப்படியே செய்யாதீர்கள். உங்கள் பிள்ளைகளைப் பற்றிச் சொல்லுங்கள், சேர்ந்து யோசிப்போம்" என்று எழுதினாள்.

லைக் அதிகம் வரவில்லை. கேள்விகள்தான் நிறைய வந்தன. முயல் டீச்சர் கேட்டாள், கீரி சார் கேட்டார், பக்கி வாத்தியாரும் கேட்டார்.

பருந்து மட்டும் ஒன்றும் கேட்கவில்லை. கோபமூஞ்சிப் பொம்மை ஒன்றைப் போட்டுவிட்டுப் போனது.

அடுத்தவர் வகுப்பின் படத்தைப் பார்ப்பது நல்லது; படத்தில் வராததைக் கேட்டுத் தெரிந்து, தன் பிள்ளைகளுக்கு ஏற்றபடி மாற்றுவதே ஆசிரியருக்கு அழகு.