ஊமைமலை மண்

“இனி என்னால முடியாதும்மா,” என்றான் மாதையன். கூடையை இறக்கி வைக்கக்கூடத் தெம்பில்லாமல் தலையிலேயே வைத்துக்கொண்டு நின்றான்.

பச்சையம்மாள் புளியில் கொட்டை எடுத்துக்கொண்டிருந்தார். ஊமைமலையில் பாறைமேல் கட்டிய சிறிய மடத்துக்கு அவர்தான் குரு. மாதையனைவிட வயதில் இளையவர் என்பதால் அவனை அண்ணா என்பார். அவன் அவரை அம்மா என்பான்.

“எது முடியாது?”

“மலை கரையுது. மழைக்கு மழை மண்ணு கீழ வருது. நானும் அள்ளி அள்ளி மேல கொட்டுறேன். அடுத்த மழைக்கு அதுவும் வந்துருது. சலிச்சுப்போச்சும்மா.”

ஊமைமலை ஏறுகிறவர்கள் அடிவாரத்திலிருந்து ஒரு பிடி மண் கொண்டுபோய் உச்சியில் போடுவது வழக்கம். மழை எடுத்ததை மனுசர் திருப்பிக் கொடுக்கிறார்களாம்.

ஒரு பிடிதான். மாதையன் அதைக் கூடையாக்கிக்கொண்டான்.

அவன் மகன் மண்சரிவில் வீட்டோடு புதைந்துபோனவன். அதற்குப் பிறகுதான் மாதையன் மடத்துக்கு வந்தான். சரிந்த மண்ணையெல்லாம் மேலே ஏற்றிவிட்டால் மலை இன்னொருவர்மேல் விழாது என்று நம்பினான். குருவி தலையில் பனங்காய் என்று ஊரில் சிரித்தார்கள். சிரிக்கிறவர்களுக்கு என்ன, சுமக்கிறவனுக்குத்தானே கழுத்து வலி.

“நிறுத்திடுங்கண்ணா.”

“நிறுத்துனா இன்னொருத்தன் புள்ளைமேல விழுந்துருமே.”

பச்சையம்மாள் புளியை ஒதுக்கி வைத்துவிட்டு எழுந்தார்.

“ஆத்துக்கு வாங்க.”

துறையில் மழை கொண்டுவந்த மண் மேடாகக் கிடந்தது. கரையில் கட்டியிருந்த பரிசலில் அதை அள்ளி நிரப்பச் சொன்னார். மாதையன் நிரப்பினான். பரிசல் இறங்கி இறங்கி, தண்ணீர் விளிம்புக்குப் பக்கத்தில் வந்துவிட்டது.

“இப்ப அதை எடுத்துக் கொட்டுங்க.”

“எங்கம்மா?”

“ஆத்துலதான்.”

அவனுக்கு மனசே வரவில்லை. இருந்தாலும் குரு சொல்லைத் தட்ட முடியாமல் கூடை கூடையாகக் கொட்டினான். பரிசல் கொஞ்சம் கொஞ்சமாக மேலே வந்தது.

“யாராவது தூக்குனாங்களா?”

“இல்லம்மா. பாரம் குறையுது. அதுவா வருது.”

“மலையும் மெதக்குதுண்ணா. நம்ம கண்ணுக்குத் தெரியறது கொஞ்சம், பூமிக்குள்ள இறங்கியிருக்கிறது பல மடங்கு. அடி ஆழத்துச் சூட்டுல கல்லே இளகி நகருது. மழை மேல சுரண்டச் சுரண்ட, மலை கீழேயிருந்து ஏறி வருது.”

“அப்ப கரையவே கரையாதா?”

“கரையும். பத்து முழம் போனா எட்டு முழம் ஏறி வரும். மிச்சம் போனது போனதுதான். கழுதை தேய்ஞ்சு கட்டெறும்பான கதையா, ஒருநாள் தரையோட தரையாயிரும். அதைப் பாக்க மனுச சாதியே இருக்குமோ என்னமோ.”

மாதையன் ஈர மண்ணில் உட்கார்ந்துவிட்டான். இத்தனை வருசமும் வீண் என்று தோன்றியதும் அழுகை வந்தது. அழுதான்.

“இதை நான் வந்த அன்னைக்கே சொல்லியிருக்கலாமே.”

“சொல்லியிருந்தா என்ன செஞ்சிருப்பீங்க?”

கையில் ஒட்டியிருந்த மண்ணைத் தட்டிவிட்டான்.

“செத்திருப்பேன்,” என்றான்.

குரு தலையாட்டினார்.

மலைக்குப் பின்னால் மேகம் கறுத்துக்கொண்டு வந்தது. மாதையன் முகத்தைத் துடைத்துக்கொண்டான்.

“மறுபடி சரியுமாம்மா?”

“சரியும். மலைன்னா அப்படித்தான்.”

“எந்தப் பக்கம்?”

“உங்க மகன் இருந்த ஓடைக்கரைப் பக்கந்தான். அங்க இப்ப எத்தனை வீடு இருக்குண்ணா?”

தினமும் அந்த வழியாகத்தான் அவன் ஏறி இறங்கினான். தலையில் கூடையோடு போகிறவன் பக்கத்தில் திரும்பிப் பார்க்க மாட்டான்.

“ராத்திரி பெய்யும்போல இருக்கு,” என்றார் குரு.

மாதையன் எழுந்தான். ஓடைக்கரை வரைக்கும் நடந்துபோய், முதலில் தெரிந்த வீட்டின் கதவைத் தட்டினான். கைக்குழந்தையோடு ஒருத்தி வந்து திறந்தாள்.

“பாயைச் சுருட்டும்மா,” என்றான். “இன்னைக்கு மடத்துல படுத்துக்கலாம். புள்ளைய நான் தூக்கிக்கிறேன்.”