உதடு ஒட்டாத வாக்கியம்

“மேடம், எங்கம்மா வாயைத் திறந்தா சினிமாப் பாட்டு வருது.”

சீடர் சகாயராஜுக்கு ஐம்பத்து நான்கு வயது. அவருக்குப் படத்தொகுப்பு கற்றுத்தரும் நிலோஃபருக்கு நாற்பதுகூட ஆகவில்லை.

திரையில் அக்காவின் கல்யாண வீடியோ. பந்தியில் இளைஞன் சகாயராஜ் உட்கார்ந்திருக்கிறான். அம்மா அவன் பக்கம் கை நீட்டி யாரிடமோ என்னவோ சொல்கிறாள். வீடியோக்காரர் அந்தக் கால வழக்கப்படி பேச்சையெல்லாம் அழித்துவிட்டுப் பாட்டைப் போட்டிருந்தார்.

அம்மா இப்போது இல்லை.

“பாட்டை எடுத்துட்டா குரல் கிடைக்குமா?”

“அடியில குரலே இல்ல சார். என்ன சொன்னாங்க, ஞாபகம் இருக்கா?”

“மறக்குமா? ‘இவன் எப்படியும் பொழைச்சுக்குவான்.’ மாமாகிட்ட சொன்னாங்க. அதை நம்பித்தான் பேங்க் வேலையை விட்டுட்டு சினிமாவுக்கு வந்தேன். இப்ப நான் எடுக்கிற படமே அந்த ஒரு வரிதான்.”

நிலோஃபர் மைக்கை அவர் பக்கம் நகர்த்தினார்.

“அம்மா உதட்டுக்கு நீங்களே பேசுங்க.”

பேசினார். சேரவில்லை. வேகமாகப் பேசினார், இழுத்துப் பேசினார். சேரவில்லை.

நிலோஃபர் படத்தை ஃப்ரேம் ஃப்ரேமாக ஓட்டினார்.

“‘பொ’ன்னு சொல்ல ரெண்டு உதடும் ஒட்டணும். அம்மாவுக்கு ஒட்டவே இல்ல.”

“பழைய கேசட். தேஞ்சிருக்கும்.”

“கேசட் தேஞ்சா உதடு திறந்துக்குமா சார்?”

சகாயராஜ் திரைக்கு அருகே போனார். அம்மாவின் விரல் அவரைக் காட்டவில்லை. கொஞ்சம் கீழே, அவர் முன்னால் கிடந்த இலையைக் காட்டியது.

மெல்லச் சொல்லிப் பார்த்தார்.

“இங்க இலை காலியா இருக்கு.”

அச்சாகப் பொருந்தியது.

நிலோஃபருக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

“சிரிக்காதீங்க மேடம். சோறு போடச் சொன்னதுக்கா நான் வேலையை விட்டேன்?”

“எனக்கெப்படித் தெரியும்? இதுவும் நீங்க சொன்னதுதானே.”

அவர் மறுபடி அம்மாவின் உதட்டைப் பார்த்தார்.

“அப்ப, பொழைச்சுக்குவான்னு சொன்னது யாரு?”

நிலோஃபர் படத்தை அணைத்தார். திரை இருண்டது. சற்றுமுன் மைக்கில் முதலில் பதிவானதை மட்டும் ஓடவிட்டார்.

‘இவன் எப்படியும் பொழைச்சுக்குவான்.’

கரகரத்த ஓர் ஆண்குரல்.

சகாயராஜ் தலையைச் சாய்த்துக் கேட்டார்.

“இன்னொரு தடவை போடுங்க” என்றார்.