சடைச்சி தோண்டிய ஒன்பது குழிகள்

சடைச்சி என்ற காட்டுப்பன்றிக்குக் கிழங்கு என்றால் உயிர். ஒரு நாள், பாறைகளுக்கு நடுவே குளத்துக்குப் போகும் ஒற்றையடிப் பாதையில் கிழங்கு வாசனை அடித்தது. விடுவாளா? ஒன்பது ஆழக் குழி தோண்டி, பாதையையே நாசமாக்கிவிட்டாள்.

அந்த வழியாகப் போகிறவர் ஓர் ஆமை மட்டும்தான். முதல் குழியின் விளிம்பில் நின்று அவர் புலம்பினார்.

“என்ன தாயி இப்படிப் பண்ணிட்டே! நான் எப்படித் தண்ணிக்குப் போவேன்?”

“ஒங்க ஒருத்தருக்கு ஒரு பாதையா! எல்லாரும் போற பெரிய வழியில போங்க!”

“அங்கே யானைங்க வருமே! நான் ஒதுங்குறதுக்குள்ள மிதிச்சிடும்.”

“அப்போ தண்ணியே குடிக்காதீங்க!” என்றாள் சடைச்சி. அவளுடைய ஐந்து குட்டிகளும் கெக்கெக்கே என்று சிரித்தன.

ஒரு மாதம் போயிற்று. கொளுத்தும் கோடை. மத்தியான வேளையில் மூங்கில் காடு தீப்பிடித்துக்கொண்டது. பெரிய வழி முழுக்க நெருப்பு! குளத்தில் இறங்கினால்தான் பிழைக்கலாம். அதற்கு மிச்சமிருந்தது அந்த ஒற்றையடிப் பாதைதான்.

சடைச்சி குட்டிகளை அந்தப் பக்கம் விரட்டினாள். “ஐயையோ! ஒன்பது குழியாச்சே! பிள்ளைங்க எப்படித் தாண்டும்?” என்று அலறிக்கொண்டே ஓடினாள்.

முதல் குழியைக் காணோம்! இரண்டாவதும் இல்லை. எட்டுக் குழியிலும் யாரோ மண்ணைத் தள்ளி மூடியிருந்தார்கள். ஒன்பதாவது மட்டும் பாதி மூடிக் கிடந்தது. கடைக்குட்டி அதற்குள் தொப்பென்று விழுந்தது. உள்ளே ஆமை, உடம்பெல்லாம் புழுதி!

“அழாதே கண்ணு! என் முதுகுல ஏறித் தாவு!”

குட்டி ஏறித் தாவியது. சடைச்சி ஆமையை மூக்கால் நெம்பி வெளியே தூக்கினாள். எல்லோரும் குளத்தில் போய் விழுந்தார்கள்.

“ஒரு மாசமா நீங்க தண்ணிக்கு வரவே இல்லையா அண்ணே?” என்று கேட்டாள்.

“குழியை மூடாம எப்படி வர்றது? தண்ணிக்குப் பதிலா சப்பாத்திக்கள்ளியைக் கடிச்சுக்கிட்டு கிடந்தேன் தாயி!”

சொல்லிவிட்டு ஆமை தண்ணீரில் வாயை வைத்தார். குடித்தார், குடித்தார், நிறுத்தவே இல்லை. சடைச்சிக்கும் தொண்டை காய்ந்துதான் கிடந்தது. ஆனால் வெட்கத்தில் ஒரு வாய் இறங்கவில்லை.

“நீ ஏம்மா குடிக்கலை?” என்று கேட்டது கடைக்குட்டி.

சடைச்சி தலையைத் தூக்கவே இல்லை.

ஒரே ஒருவர் நடக்கிற பாதையானாலும் அது அவருக்கு உயிர். அதை ஏளனம் செய்து அழிப்பவர் ஒரு நாள் அவர் முன்னால் தலைகுனிந்து நிற்க நேரும்.