பாலில் போட்ட மயில் காசு

கடலோரத்துல ஆழிப்பட்டணம்னு ஒரு ஊரு, அந்த ஊருக்கு ஒரு ராசா, அந்த ராசாவுக்கு ஒரே ஒரு மக. மகளுக்குக் கல்யாணம் வந்துது. அவங்க வம்சத்துல மூதாதை அச்சடிச்ச, மயில் உருவம் போட்ட தங்கக் காசைப் பொண்ணு கையில குடுத்துத்தான் மணவறைக்கு அனுப்புவாங்க. பெட்டியைத் திறந்து பார்த்தா காசைக் காணோம்! "கூப்பிடு பழங்காசு விக்கிறவங்களை! அதே மாதிரி மயில் காசு கொண்டாரட்டும்!"ன்னாரு ராசா.

ஊருல அப்படி ரெண்டே பேரு. ஒருத்தி காத்தாயி. மண்ணுல கிடந்த காசைத் தண்ணியில ஊறப்போடுவா, எண்ணெயில ஊறப்போடுவா, கோழி இறகால நீவிவிடுவா. அழுக்குத்தான் போகும், காசு காசாவே இருக்கும். வாங்க வந்தா, "ஓரம் தேஞ்சிருக்கு சாமி, பார்த்துக்குங்க"ன்னு குறையைத்தான் முதல்ல சொல்லுவா. அப்புறம் எவன் வாங்குவான்?

இன்னொருத்தன் அங்கமுத்து. புளி போட்டுத் தேய்ப்பான், செங்கப்பொடி போட்டுத் தேய்ப்பான், தேஞ்ச எழுத்தை உளியால கீறிவிடுவான். ஓட்டை இருந்தா அரக்கை அடைச்சு, மேல மெல்லிசாத் தங்கத் தாளு, அதான் ரேக்கு, ஒட்டிடுவான். வாயைத் திறந்தா "குறையே இல்ல!"தான். கூட்டமெல்லாம் அவன் கடையிலதான்!

ரெண்டு பேரும் ஆளுக்கொரு மயில் காசோட சபைக்கு வந்தாங்க. அங்கமுத்து காசு கண்ணைப் பறிக்குது. காத்தாயி காசு மங்கலா, செம்பழுப்பா இருக்கு.

"காசை என்ன பண்ணினீங்க?"ன்னு கேட்டாரு ராசா.

"ஒண்ணுமே பண்ணல மகாராசா, பிறந்த மேனிக்கு இருக்கு!"ன்னான் அங்கமுத்து.

"மண்ணை எடுத்தேனுங்க சாமி. யாரோ மாலையில கோக்கப் போட்ட ஓட்டை ஒண்ணு இருக்கு, அதை அப்படியே விட்டுட்டேன்"னா காத்தாயி.

அங்கமுத்து சிரிச்சான். "மூஞ்சி கழுவாத காசு, மூக்குத்தி ஓட்டை வேற! ஏன் ஆத்தா, கல்யாணத்துக்கா கருமாதிக்கா கொண்டாந்தே?"

ராசாவுக்குக் கோவம் பொத்துக்கிட்டு வந்துது. "ஓட்டைக் காசையா என் மகளுக்குக் குடுப்பேன்? பொழுது சாயறதுக்குள்ள உன் கடையைக் காலி பண்ணு!"

அந்தக் கடை போனா காத்தாயிக்குச் சோறு ஏது? 'மாரியாத்தா, பொய் சொல்லாததுக்கா இந்தக் கூலி?'ன்னு மனசுக்குள்ள கேட்டா.

அப்போ ராணி எழுந்தா. "இருங்க, இருங்க! பொண்ணு கையில குடுக்கிற காசைக் கொதிக்கிற பாலுல போட்டு எடுக்கணுமே. அது அந்தப்புரத்து வழக்கம், உங்களுக்கு எங்க தெரியும்? ரெண்டையும் போடுவோம்!"

அங்கமுத்து குறுக்கே பாஞ்சான். "வேண்டாம் தாயே! என் காசுக்குப் பால் ஒத்துக்காது!"

"ஏன்யா, காசுக்கு வயிறா இருக்கு?"ன்னா ராணி. சபையே கொல்லுனு சிரிச்சுது.

போட்டாங்க! பால் பொங்குது, பொங்குது, பொங்கி வழியுது. கரண்டியால எடுத்தா, காத்தாயி காசு போன மாதிரியே வந்துது. அங்கமுத்து காசு? பாலுல அரக்குச் செவப்பா மிதக்குது, ரேக்கு சுருண்டு மிதக்குது, காசுல ஒண்ணுக்கு மூணு ஓட்டை!

"அட, இது காசா சல்லடையா?"ன்னு கத்துனாரு ராசா. காத்தாயி பக்கம் திரும்பினாரு. "தப்புப் பண்ணிட்டேம்மா. தன் சரக்கோட குறையைத் தானே சொல்றவளை நம்பாம, மினுக்கைப் பார்த்து ஏமாந்தேனே! இனி அரண்மனைக் காசெல்லாம் உன் பொறுப்பு."

காத்தாயி காசு பொண்ணு கைக்குப் போச்சு. அங்கமுத்துக்கு என்ன தண்டனைங்கிறீங்க? ஒரு வருஷம் காத்தாயி கடை வாசல்ல நின்னு, "ஓரம் தேஞ்ச காசுங்கோ! ஓட்டைக் காசுங்கோ! கீறல் விழுந்த காசுங்கோ!"ன்னு தொண்டை கிழியக் கூவணும். அவன் கூவக் கூவ, சனம் நம்பி வந்து வாங்குச்சாம்!

அழுக்கைக் கழுவலாம் கண்ணுங்களா, குறையை மூடக்கூடாது. பொய்யி பாலோட போச்சு, மெய்யி பொண்ணோட போச்சு, கதையும் கரை சேர்ந்தாச்சு.